மாட்டுங்கா சகோதரிக்கு: 13 வயதிலேயே போட்டுவிடுங்கள்

13 வயது மகளுக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைத் தடுக்கும் ஊசி போட நினைக்கிறீர்கள், "கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துக்கலாம்" என்கிறார் மாமியார். தள்ளிப்போடாதீர்கள் சகோதரி. உடம்புக்குள் வந்துவிட்ட வைரஸை இந்த ஊசியால் விரட்ட முடியாது. வருவதற்கு முன்பே தடுக்கத்தான் முடியும். அதனால்தான் இந்த வயது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்ததை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. எவ்வளவு பெரிய விஷயம் இது!

இப்போது என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 15 வயது ஆகிவிட்டால் பொதுவாக மூன்று. புனேயில் தயாராகும் செர்வாவாக் என்ற எச்.பி.வி. ஊசி கிடைக்குமா என்று உங்கள் குழந்தைகள் டாக்டரிடமே கேளுங்கள். போட்டதும் சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும். கால் மணி நேரம் அங்கேயே உட்காரவைத்துக் கூட்டிவாருங்கள்.

அப்புறம், உங்களுக்கு 30 தாண்டியிருந்தால் நீங்களும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.