குவில்ட்டை எப்படிப் பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு போர்ட்லண்ட் வந்திருக்கிறோம். ஆரிகன் மாநிலத்தின் சிஸ்டர்ஸ் ஊரில் குவில்ட் கண்காட்சியை நாள் முழுக்க நின்று பார்த்ததாக நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, ஜூலை இரண்டாம் சனிக்கிழமை நாங்களும் அங்கே போனோம். கடைத்தெரு முழுக்க ஒட்டுத்துணிப் போர்வைகள். அரைமணி நேரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பாதிக்குமேல் மெஷின் தையல்தான் என்கிறாள் மகள். நாள் முழுக்க நின்று எதைப் பார்த்தீர்கள்?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள அம்மா,

எல்லாவற்றையும் பார்த்துவிட நினைத்தால் யாருக்கும் கண் களைத்துவிடும். 1975இல் ஜீன் வெல்ஸ் என்ற பெண்மணி தன் குவில்ட் கடை வாசலில் ஒரு டஜன் குவில்ட் தொங்கவிட்டுத் தொடங்கியது இது. இன்று நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. நான் சிலவற்றை மட்டும் பார்த்தேன், ஆற அமர.

முதலில் எதிர்ச்சாரிக்குப் போய் நின்றுவிடுவேன். ஒரு மரச்சுவரில் 'லாக் கேபின்' வகைக் குவில்ட் தொங்கியது. அதில் கட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி. நடுவில் சின்னச் சிவப்புச் சதுரம், சுற்றிலும் துணிப்பட்டைகள், ஒரு பாதி வெளிர்நிறம், மறுபாதி அடர்நிறம். கட்டத்தைத் திருப்பி வைப்பதில்தான் வித்தையே இருக்கிறது. ஒருவிதமாக அடுக்கினால் உழவுசால்போல சாய்ந்த கோடுகள், இன்னொரு விதமாக அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்றாக வைர வடிவங்கள். நான் பார்த்தது வைரம். கிட்டே போனதும் அது காணாமல் போய், கோடுபோட்ட சட்டைத்துணியும் பூப்போட்ட சீட்டித்துணியும்தான் மிஞ்சின.

அப்புறம் ஒரு சாண் தூரத்தில் நின்று தையலைப் பார்க்க வேண்டும். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் பிடித்து நிறுத்துவது அதுதான். தேர்ந்த கை ஓர் அங்குலத்தில் பத்துப் பன்னிரண்டு தையல் போடும். நூல் இறுகிய இடம் பள்ளமாகும், பக்கத்தில் பஞ்சு மேடாகும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது வெறும் வெள்ளைத்துணியிலும் இறகும் கொடியும் எழும்பி வரும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். நீங்கள் போனது மதியமோ என்னவோ.

கைத்தையல்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனாலும் பெரிய குவில்ட் மெஷினைப் பிடித்துக்கொண்டு சுருள் சுருளாகக் கோடு இழுப்பதும் கைதான், அது பழக வருஷங்கள் ஆகும். கம்ப்யூட்டரே தைத்துத் தருவதும் உண்டு. அங்கே நான் அதிகம் நிற்பதில்லை.

ஊர் திரும்பியபின் வாய்த்தால், வடகன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' போர்வையைப் பாருங்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைத்தால்தான் அவர்களுக்கு வேலை முடிந்த மாதிரி.