வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் வயிறு ஏன் சரியாகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 38. களியக்காவிளை அருகே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை பார்க்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. டாக்டர் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார், இரண்டும் நின்றுவிட்டன. ஆனால் பால் சாயா குடித்தால் வயிறு இரைகிறது. மதியம் சாப்பிட்டால் உப்பிக்கொள்கிறது. எடையும் இரண்டு கிலோ குறைந்துவிட்டது. மருந்துக்கடையில், நல்ல கிருமிகள் அடங்கியது என்று, ஒரு மாதத்துக்குப் புரோபயாட்டிக் காப்ஸ்யூல் வாங்கச் சொல்கிறார்கள். அம்மா, பழங்கஞ்சி குடித்தாலே போதும் என்கிறார். எதைக் கேட்பது?

பதில்: முதலில் பால் சாயாவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் குடலில் இப்போது என்ன நடக்கிறது என்பதை அதுதான் தெளிவாகச் சொல்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய குடலுறிஞ்சிகள் பாய்க்கோரைபோல நெருக்கமாக நிற்கின்றன. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி அவற்றின் நுனியில்தான் இருக்கிறது. கிருமித் தொற்று வரும்போது முதலில் உதிர்வதும் அந்த நுனிதான். குடலின் மேற்பரப்புச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் புதிதாக வந்துவிடும் என்றாலும், அவை முதிர்ந்து மறுபடி போதுமான நொதியைச் சுரக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்கே புளித்து, வாயுவாகவும் இரைச்சலாகவும் மாறுகிறது. ஆகவே பால் சாயா ஒத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் வைத்துக் கிருமி இன்னும் இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு வாரங்களுக்குப் பாலை நிறுத்திவிட்டு, கட்டன் சாயாவை இளம் சாயத்தில் குடியுங்கள். தயிரையும் மோரையும் நிறுத்த வேண்டாம். தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதோடு, அதிலுள்ள பாக்டீரியாக்களே மீதமுள்ள லாக்டோஸைச் செரிக்கவும் உதவுகின்றன. பிறகு அரை டம்ளர் பாலில் தொடங்கிப் பாருங்கள்.

அடுத்தது மதிய உப்புசம். தொற்றும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து, பெருங்குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களின் எண்ணிக்கையையும் வகைகளையும் குறைத்துவிடுகின்றன. சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வரும் மாவுச்சத்தை இவை உண்டு, பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். குடல் தேற வேண்டுமானால் இந்தக் குடியிருப்போருக்குத் தீனி போட வேண்டும். காப்ஸ்யூல் வழியாக வெளியிலிருந்து விருந்தாளிகளை அழைத்து வருவதைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தத் தீனி உங்கள் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. வங்கதேசத்தில், நாட்பட்ட வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட குழந்தைகளுக்கு அரிசி உணவோடு வேகவைத்த பச்சை வாழைக்காயைச் சேர்த்துக் கொடுத்தபோது போக்கு விரைவில் குறைந்ததாக 2001-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் பக்கத்து ஏத்தன் காய் (நேந்திரங்காய்) இதற்கு நன்றாகவே பொருந்தும். கத்தி வைத்ததும் கையில் கறை ஒட்டுகிற அளவுக்குப் பச்சையாக இருக்கும் காயை எடுத்துத் தோல் சீவி, மஞ்சளும் உப்பும் போட்டுக் குழைய வேகவைத்து, கரண்டியால் மசித்துச் சம்பா அரிசிக் கஞ்சியில் கலந்துகொள்ளுங்கள். முதல் சில நாட்கள் ஒரு நேரத்துக்கு அரைக் காய் போதும். ஒரே நாளில் இரண்டு மூன்று காய் சாப்பிட்டால் அதுவே உப்புசத்தைக் கூட்டும். காலையில் ஒரு மட்டிப்பழம் சாப்பிடலாம். வேகவைத்து நீரை வடித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கும்) ஒத்துக்கொள்ளும். ஆனால் அதற்குத் துணையாக வழக்கமாக வரும் காரமான மீன்குழம்பை இப்போதைக்கு விட்டு, மீனை மஞ்சளும் தேங்காயும் சேர்த்து மிளகாய் குறைத்து வையுங்கள். எடை திரும்ப வர மீன், முட்டை போன்ற புரத உணவுகள் தினமும் வேண்டும். வயிறு சரியில்லை என்று பட்டினி கிடப்பது குடலைத் தேறவிடாது.

கஞ்சிக்குப் பயறு நல்ல சேர்க்கைதான். ஆனாலும் சிறுபயறு, வெங்காயம், பூண்டு, சக்கைப்பழம் (பலாப்பழம்) ஆகியவற்றில் எளிதில் புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் அதிகம் என்பதால், அவற்றை ஒரு வாரம் தள்ளிவைத்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். சிறுபயறை இரவில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குழைய வேகவைத்தால் தொந்தரவு குறையும்.

அம்மா சொல்லும் பழங்கஞ்சியை நான் மறுக்கமாட்டேன். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. புளிக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்கின்றன. ஆபத்து சோற்றில் இல்லை, அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. சமைத்த சோற்றை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்திருந்தால், பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதில் பெருகி நஞ்சை உண்டாக்கலாம். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. எனவே சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்து, கொதித்து ஆறிய நீரை மட்டும் ஊற்றி மூடிவையுங்கள். காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. முதலில் ஒரு வாரம் சூடான கஞ்சியோடு இருந்துவிட்டு இதற்கு வாருங்கள்.

இனி காப்ஸ்யூல். புரோபயாட்டிக் என்பது ஒரே மருந்தின் பெயர் அன்று. எந்தக் கிருமி, அதிலும் எந்த வகை என்பதைப் பொறுத்தே பலன் அமையும். லாக்டோபேசில்லஸ் கொண்ட புரோபயாட்டிக்குகளை, குடல் தொற்றோடு வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018-இல் வெளிவந்தன. மருந்தே இல்லாத போலி மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளைவிட, புரோபயாட்டிக் எடுத்த குழந்தைகள் விரைவாகத் தேறவில்லை. அதே ஆண்டு இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார், ஆன்டிபயாடிக் எடுத்து முடித்தவர்களில் 11 வகைக் கிருமிகள் கலந்த புரோபயாட்டிக் உண்டவர்களுக்கு, ஒன்றும் உண்ணாதவர்களைவிடச் சொந்தக் குடல் கிருமிகள் திரும்புவது தாமதமானதைக் கண்டனர். அது சிலரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் ‘நல்லதுதானே, ஒரு மாதம் சாப்பிட்டு வையுங்கள்’ என்ற பேச்சை அது கேள்விக்கு உள்ளாக்குகிறது.

பயன்படும் இடமும் உண்டு. சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட், ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களிலேயே சேர்த்து எடுத்தால், அந்த மருந்தால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்க உதவுகிறது. ஈஸ்ட் என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதை ஒன்றும் செய்வதில்லை. ஹென்றி பவுலார்ட் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களிலிருந்து 1920-களில் இதைப் பிரித்தெடுத்தார். உங்களுக்கு ஆன்டிபயாடிக் முடிந்து இரண்டு வாரம் கடந்துவிட்டது. அந்தப் பணத்துக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள் என்பதே என் கருத்து. ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், இரண்டு வாரம் சாப்பிட்டுப் பார்த்து, மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். சூடான கஞ்சியிலோ சாயாவிலோ கலந்து குடிக்க வேண்டாம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது, ஏனெனில் அவர்களுக்கு இந்தக் கிருமிகளே இரத்தத்தில் பரவும் அபாயம் உண்டு.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஜீரகமோ மரத்துண்டோ போட்டுக் காய்ச்சும் ஜீரக வெள்ளம், கருங்காலி வெள்ளம், பதிமுக வெள்ளம் எல்லாம் குடிக்க நல்லவைதான். ஆனால் கிருமியைக் கொல்வது அந்தச் சிவப்பு நிறம் அன்று, கொதிப்புதான். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். சூட்டைக் குறைக்கப் பச்சைத் தண்ணீரை விளாவினால் செய்ததெல்லாம் வீண். அதிகாலையில் பால் வெட்டப் போகும்போது இந்த நீரையே வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுங்கள். மறுபடி போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் குறித்த அளவு நீரில் முழுதாகக் கரைத்துக் குடியுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது அந்த இரண்டு கிலோதான். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் குடல் தொற்றுக்குப் பின் மாதக்கணக்கில் வயிறு தொல்லை தருவதுண்டு. என்றாலும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் இதேபோல உப்புசம், நாற்றமுள்ள ஏப்பம், எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம், எடைக் குறைவு ஆகியவற்றைத் தரும். அதை எந்தக் கஞ்சியும் காப்ஸ்யூலும் தீர்க்காது. அதற்கென்று உரிய மருந்து இருக்கிறது. ஆகவே உணவை மாற்றும் இதே வாரத்தில் மலப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஜியார்டியா எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாது என்பதால், ஒருமுறை இல்லை என்று வந்தால் அதோடு விடாமல், வெவ்வேறு மூன்று நாட்களின் மலத்தைப் பரிசோதிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, மறுபடி காய்ச்சல் வந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்புகிற போக்கு இருந்தாலோ, கண் மஞ்சளித்துச் சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.