விரவல் எம்.ஆர்.ஐ துறையில் ஒரு மூளை ஆய்வாளரின் பணிவாழ்வு எவ்வாறு அமைகிறது?

விரவல் எம்.ஆர்.ஐ (diffusion MRI) என்பது, திசுக்களில் நீர் மூலக்கூறுகள் பரவும் விதத்தைக் கொண்டு படமெடுக்கும் முறை. பொதுவாகச் சொல்வதைவிட, இத்துறையின் முன்னோடியான பிரான்ஸ் நாட்டு டெனி லெ பியானின் பணியைப் பார்ப்பது பயன் தரும். மருத்துவமும் இயற்பியலும் ஒருசேரக் கற்ற அவர், 1980களின் நடுவில், கல்லீரலில் உள்ள புற்றுக்கட்டியையும் தீங்கற்ற இரத்தக்குழாய்க் கட்டியையும் நீர் மூலக்கூறுகளின் அசைவைக் கொண்டு பிரித்தறிய முயன்றார். மூச்சுவிடும்போதெல்லாம் கல்லீரல் நகர்ந்ததால் அது கைகூடவில்லை. ஒப்பளவில் அசையாதிருக்கும் மூளைக்குத் திரும்பினார். அந்தத் தோல்வி நல்லதாகவே முடிந்தது என்பேன்.

நீர் மூலக்கூறுகள் சில பத்து மில்லி நொடிகளில் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் தூரமே விரவுகின்றன. அது உயிரணுக்களின் அளவை ஒத்தது என்பதால், திசுவின் நுண்ணமைப்பை அவ்வசைவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பக்கவாதம் தாக்கிய மூளைப் பகுதியில் இவ்வசைவு சில நிமிடங்களிலேயே குறைவதை மைக்கேல் மோஸ்லி குழுவினர் 1990இல் பூனைகளில் காட்டிய பின்னரே மருத்துவமனைகள் இம்முறையை நாடின.

மூளையில் நரம்பிழைகள் கற்றைகளாகச் செல்லும் பகுதியான வெண்பொருளில், அவ்விழைகளின் போக்கிலேயே நீர் எளிதாக விரவும், குறுக்கே அவ்வளவாக விரவாது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பீட்டர் பாசர், ஜேம்ஸ் மாட்டியெல்லோ ஆகியோருடன் லெ பியான் 1994இல் வெளியிட்ட டென்சார் முறை (நீர் எத்திசையில் எவ்வளவு விரவுகிறது என்பதைக் குறிக்கும் கணித முறை), குறைந்தது 6 திசைகளில் அளந்து இதைக் கணக்கிட்டது. நரம்புப் பாதைகளை வரையும் இன்றைய படங்கள் அதிலிருந்தே வளர்ந்தன. எனினும் இழைகள் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் இடங்களில் டென்சார் முறை தடுமாறும். பின்னர் பிரான்ஸ் திரும்பிய அவர், பாரிஸ் அருகேயுள்ள சாக்லேயில் 2007இல் நியூரோஸ்பின் ஆய்வு மையத்தை நிறுவினார்.