பைக்கின் எடையை வீட்டிலேயே பார்ப்பது எப்படி, குறைப்பது எங்கிருந்து?

கேள்வி: என்னுடையது 300 சிசி பைக். கையேட்டில் எடை 170 கிலோ என்று போட்டிருக்கிறது. கிராஷ் கார்டு, பின்பக்கப் பெட்டி, பை மாட்டும் ஸ்டே எல்லாம் சேர்த்த பிறகு, நிறுத்துமிடத்தில் தள்ளித் திருப்பவே மூச்சு வாங்குகிறது. வீட்டிலேயே எடை பார்க்க வழி இருக்கிறதா? சைலன்சரையும் பேட்டரியையும் மாற்றினால் 15 கிலோ குறையும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ஆள் எடை பார்க்கும் டிஜிட்டல் மெஷின் ஒன்று இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அந்த 15 கிலோவை மட்டும் நம்ப வேண்டாம். எதையும் வாங்குவதற்கு முன் எடை போடுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

முதலில் கையேட்டில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். பெட்ரோல், ஆயில், கூலன்ட் எல்லாம் ஊற்றி ஓட்டத் தயாராக நிற்கும் வண்டியின் எடை கெர்ப் வெயிட். இவை எதுவும் இல்லாமல் சொல்வது டிரை வெயிட். பேட்டரியையும் கழித்துவிட்டுச் சொன்ன நிறுவனங்கள்கூட உண்டு. எந்த எடை என்று பார்க்காமல் ஒப்பிட்டால், ஒன்றும் மாட்டாத வண்டியே பத்துப் பதினைந்து கிலோ ஏறியதுபோலத் தெரியும். பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ. 14 லிட்டர் டேங்க் என்றால் அதுவே பத்தரை கிலோ. எடை பார்க்கும் அன்று டேங்கில் எவ்வளவு இருந்தது என்று குறித்து வைக்காவிட்டால், பின்னால் எடுக்கும் எந்த அளவோடும் ஒப்பிட முடியாது.

இனி எடை பார்க்கும் முறை. வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 150 அல்லது 180 கிலோ வரைதான் தாங்கும். முழு வண்டியையும் அதில் ஏற்ற முடியாது, ஏற்றவும் தேவையில்லை. முன் சக்கரத்தைத் தனியாகவும் பின் சக்கரத்தைத் தனியாகவும் எடை பார்த்துக் கூட்டினால் மொத்த எடை வந்துவிடும். மேல்தட்டு கண்ணாடியாக இருந்தால் டயரை நேராக ஏற்றாதீர்கள். பாரம் உள்ளங்கை அகலத்தில் குவிந்து விரிசல் விடலாம். ஒரு ப்ளைவுட் துண்டை மெஷின் மேல் வைத்து, அதன் நடுவில் டயர் நிற்கும்படி பாருங்கள். ப்ளைவுட்டின் எடையைத் தனியாகப் பார்த்துக் கழித்துவிடலாம்.

பலர் கோட்டை விடுவது மற்றச் சக்கரத்தில். முன் சக்கரம் மெஷின் மேல் இருக்கும்போது பின் சக்கரம் வெறும் தரையில் நிற்கக் கூடாது. மெஷினும் அதன் மேலுள்ள ப்ளைவுட்டும் சேர்ந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்துக்குப் பின் சக்கரத்துக்கும் பலகை அடுக்க வேண்டும். நாலு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 184 கிலோ வண்டி, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) 30 சென்டிமீட்டர் உயரத்தில், இரு சக்கரங்களுக்கும் இடையே 1.35 மீட்டர் என்று கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தை நாலு சென்டிமீட்டர் தூக்கினால் சுமார் 0.8 கிலோ பாரம் தாழ்ந்த சக்கரத்துக்கு நகர்ந்துவிடும். நீங்கள் எடை பார்ப்பதோ ஒவ்வொரு முறையும் தூக்கிய சக்கரத்தை. ஆகவே முன்னால் 0.8 கிலோ, பின்னால் 0.8 கிலோ, மொத்தம் ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைவாகக் காட்டும். காசு செலவழித்துப் பேட்டரியை மாற்றிக் குறைக்கப் போகும் எடையே ஏறக்குறைய அந்த அளவுதான் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஹேண்டிலைப் பிடித்து வண்டியைச் செங்குத்தாக நிறுத்தட்டும். சைடு ஸ்டாண்ட் மடக்கியிருக்க வேண்டும்; அது தரையைத் தொட்டால் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். வண்டியை மெல்ல இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தால், கையில் கனமே தெரியாத ஒரு நிலை வரும். அந்த நிலையில், விரல் நுனியால் பிடித்திருக்கும்போது காட்டும் அளவுதான் சரியானது. பிடித்திருப்பவர் ஹேண்டிலை அழுத்தினாலும் தூக்கினாலும் அளவு மாறிவிடும். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். அளவைப் படிக்கும் நேரத்தில் பிரேக்கையும் விட்டுவிடுங்கள். சக்கரம் உருளாமல் இருக்க பலகை மேல் நிற்கும் டயருக்கு முன்னும் பின்னும் சிறு கட்டை போதும். டயர் மறைத்து எண் தெரியாவிட்டால் போனைத் தரையில் வைத்து வீடியோ எடுத்துவிடலாம்.

ஒரே அளவை மூன்று முறை எடுங்கள். பிறகு வண்டியை எதிர்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்தி மறுபடி எடுத்து, இரண்டுக்கும் சராசரி பாருங்கள். தண்ணீர் வடிய தரையில் விட்டிருக்கும் சரிவு கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். மெஷினையே சோதிக்க ஒரு தண்ணீர் கேன் போதும். வெறுங்கையோடு ஏறி நில்லுங்கள். பிறகு 20 லிட்டர் தண்ணீருள்ள கேனைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் 20 கிலோவும் காலி கேனின் எடையும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். உங்கள் எடை 70 கிலோ என்றால், ஒரு சக்கரம் தரும் பாரத்தை ஒட்டிய எடையிலேயே மெஷினைச் சோதித்ததாகவும் ஆகிறது. லாரி எடை மேடையில் ஏற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். அது ஐந்து, பத்து கிலோ படியாகத்தான் காட்டும். லாரிக்குச் சரி, நம் வேலைக்கு உதவாது.

உங்கள் வண்டி பாதி டேங்கோடு முன்னால் 84.5, பின்னால் 99.5 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 184. கையேட்டின் 170 முழு டேங்க் கெர்ப் வெயிட் என்றால், பாதி டேங்கில் 165 இருக்க வேண்டும். மிச்சம் 19 கிலோ நீங்கள் மாட்டியது. இப்படி ஒரு எண் கையில் கிடைத்துவிட்டால், சைலன்சர் பேச்சை எடுக்கும் முன் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் தள்ளும்போது மூச்சு வாங்குவதற்கு எடை மட்டும் காரணமாக இருக்காது. என் அனுபவத்தில் பாதி வண்டிகளில் டயர் காற்று குறைந்திருக்கும், அல்லது டிஸ்க் பிரேக்கின் காலிப்பரில் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பகுதி) பிஸ்டன் சரியாகத் திரும்பாமல் பிரேக் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் செயின் காய்ந்து இறுகியிருக்கும். பயணப்பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறு தராசு ஒன்றை வைத்து இதைச் சோதிக்கலாம். அதன் கொக்கியை முன் ஃபோர்க்கின் அடியில் கட்டிய கயிற்றில் மாட்டுங்கள். ஒருவர் ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொள்ள, நீங்கள் சமதரையில் நிதானமாக, ஒரே வேகத்தில் இழுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றைச் சரியாக அடித்து, காலிப்பரைச் சுத்தம் செய்து, செயினுக்கு எண்ணெய் விட்டுத் தளர்வைச் சரிசெய்து மறுபடி இழுத்துப் பாருங்கள். எண் நன்றாக இறங்கினால், வண்டியிலிருந்து ஒரு கிராம்கூடக் கழற்றாமலே உங்கள் குறை பாதி தீர்ந்துவிடும்.

இப்போது அந்த 15 கிலோ. 12 வோல்ட், 9 ஆம்பியர்-ஹவர் அளவிலான லெட்-ஆசிட் பேட்டரி சுமார் மூன்று கிலோ. அதற்கு ஈடான லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒரு கிலோவை ஒட்டி. இங்கே இரண்டு கிலோ லாபம். சைலன்சரின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றினால் இந்த ரக வண்டியில் இரண்டிலிருந்து நாலு கிலோ குறையலாம். இரண்டும் சேர்ந்து அதிகம் போனால் ஆறு கிலோ. மாற்றுமுன் பழைய பாகத்தையும் புதிய பாகத்தையும் அதே தொங்கு தராசில் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். முழு வண்டியை மெஷினில் ஏற்றிப் பார்க்கும்போது ஒரு கிலோ முன்னே பின்னே வருவது சகஜம். சிறு பாகத்தின் லாபம் அதில் காணாமல் போய்விடும்.

லித்தியம் பேட்டரி போடுவதென்றால் முதலில் வண்டியின் சார்ஜிங் வோல்டேஜைப் பாருங்கள். இன்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது 14 முதல் 14.6 வரை நின்றால் நல்லது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழையதாகி 15-ஐத் தாண்ட விடுகிறது என்றால் இந்த மாற்றம் வேண்டாம். கடுங்குளிரில் ஸ்டார்ட் ஆக அது சற்றுத் தயங்கும். சல்பேட் நீக்கும் வசதியுள்ள பழைய சார்ஜரையும் அதில் மாட்டக் கூடாது.

சைலன்சரில் சத்தமும் புகையும் சட்டத்துக்கு உட்பட்டவை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு சேர்ந்ததைக் கழற்றினால் எடை நன்றாகக் குறையும். பரிசோதனையில் வண்டி தேறாது. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல்-காற்றுக் கலவையையும் திருத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறும்.

இத்தனையும் செய்து ஐந்து கிலோ குறைத்தால் ஓட்டும்போது தெரியுமா? வண்டி 184, நீங்களும் ஹெல்மெட், உடுப்பும் 80 என்றால் மொத்தம் 264. ஐந்து கிலோ அதில் இரண்டு சதவீதம்கூட இல்லை. வேகமெடுப்பதில் அந்த அளவுக்குத்தான் மாற்றம் வரும். உச்ச வேகத்தை நிர்ணயிப்பது காற்றின் தடை. அதில் ஒன்றும் மாறாது. இதைச் செலவில்லாமல் இன்றே சோதிக்கலாம். முழு டேங்கோடு ஒரு நாள், கால் டேங்கோடு ஒரு நாள், ஒரே சாலையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் சுமார் எட்டு கிலோ வித்தியாசம், அதுவும் உயரத்தில் இருக்கும் எடை. அது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பேட்டரி மாற்றியதும் தெரியாது.

எத்தனை கிலோ என்பதைவிட எங்கே இருக்கும் கிலோ என்று பாருங்கள். பின்பக்கப் பெட்டிதான் முதல் குற்றவாளி. பெட்டி, ரேக், உள்ளே கிடக்கும் சாமான் எல்லாம் பத்து கிலோ, பின் ஆக்சிலுக்கு முப்பது சென்டிமீட்டர் பின்னால் தொங்குகிறது என்று வையுங்கள். அது பின் சக்கரத்தில் பத்துக்குப் பதில் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றி, முன் சக்கரத்திலிருந்து இரண்டு கிலோவைத் தூக்கிவிடும். உயரத்தில் இருப்பதால், வண்டி சாயும்போது உங்கள் கையை இழுப்பதும் அதுதான். அன்றாட ஓட்டத்துக்குப் பெட்டி தேவையில்லை என்றால், பெட்டியை மட்டும் எடுக்காமல் ரேக்கையும் ஸ்டேயையும் சேர்த்துக் கழற்றுங்கள். அப்படியே சீட்டுக்கு அடியில் கிடக்கும் கனத்த பூட்டுச் சங்கிலியையும் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் இரண்டு மூன்று கிலோ இருக்கும்; ஆனால் தாழ்வில் இருக்கிறது, செயின் வேலைக்கு உதவுகிறது. நானாக இருந்தால் அதைத் தொட மாட்டேன். கிராஷ் கார்டு விஷயத்தில் முடிவு உங்களுடையது. இருப்பது கனத்த இரும்புக் குழாயாக இருந்தால், கழற்றுவதைவிட மெல்லிய ஒன்றாக மாற்றலாம்.

சுழலும் பாகங்களில் குறையும் எடைக்கு மதிப்பு அதிகம். ரிம்மின் விளிம்பில் ஒரு கிலோ குறைந்தால், வேகமெடுக்கும்போது அது ஏறக்குறைய இரண்டு கிலோவுக்குச் சமம். சஸ்பென்ஷன் வேலையும் இலகுவாகும். ரிம் மாற்றுவது பெரிய செலவு. டயர் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். ஒரே அளவு டயரே தயாரிப்புக்குத் தயாரிப்பு எடையில் வேறுபடும். பாரம் தாங்கும் குறியீடு குறையாமல் இலகுவானதைத் தேர்ந்தெடுங்கள். அலுமினிய ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) அரை கிலோ வரை லாபம் உண்டு, ஆனால் இரும்பைவிடச் சீக்கிரம் தேயும். தினசரி ஓட்டத்துக்கு அது வேண்டாம்.

கை வைக்கவே கூடாதவை சில உண்டு. டிஸ்க்கிலோ ரிம்மிலோ ஃபிரேமிலோ நீங்களாக ஓட்டை போடாதீர்கள். காலிப்பர், ஆக்சில், ஹேண்டில் கிளாம்ப் ஆகியவற்றின் போல்ட்டுகளை அலுமினியத்துக்கு மாற்றாதீர்கள். செயின் கவரும் அப்படியே இருக்கட்டும். முன் மட்கார்டைக் கழற்றும் ஆசை பலருக்கு வரும். பல வண்டிகளில் அதன் இரும்புப் பட்டைதான் இரண்டு ஃபோர்க் கால்களையும் இணைத்து முறுக்காமல் வைத்திருக்கிறது. கழற்றினால் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் நெளியும்.

எடை இறங்கிய பிறகு பின் ஷாக்கின் ப்ரீலோடைச் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவு) சரிபாருங்கள். பெட்டிக்காக ஏற்றி வைத்திருந்த ப்ரீலோடு அப்படியே இருந்தால், பத்து கிலோ போன பின் வண்டி பின்னால் குதிக்கும். ஹெட்லைட் விழும் உயரமும் மாறியிருக்கும். இரண்டையும் சரிசெய்துவிட்டு, முதல் தடவை இருந்த அதே பெட்ரோல் அளவோடு இரு சக்கரங்களையும் மறுபடி மெஷினில் ஏற்றிப் பாருங்கள்.