அப்பாவின் இன்ஃபோசிஸ் எங்கே பாதியானது?

கேள்வி: 2018 ஆகஸ்ட் கடைசியில் என் அப்பா இன்ஃபோசிஸ் 50 பங்கு வாங்கினார். கான்ட்ராக்ட் நோட்டில் (புரோக்கர் தரும் வாங்கிய சீட்டு) விலை 1,400 ரூபாய்க்கு மேல். பைத்தான் நிரலில், பங்கு விலை எடுத்துத் தரும் ஒய்ஃபைனான்ஸ் வைத்து அதே நாள் விலையை எடுத்தால் 700 கூட வரவில்லை. எது தப்பு?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டுமே சரிதான் அம்மா. சப்-புரோக்கர் ஆபீஸில் பல வருஷம் கான்ட்ராக்ட் நோட்டோடு மல்லுக்கட்டியவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

2018 செப்டம்பர் 4 அன்று இன்ஃபோசிஸ் எக்ஸ்-போனஸ் ஆனது, அதாவது அன்று முதல் வாங்குகிறவருக்கு போனஸ் பங்கு கிடையாது. கையிலிருக்கும் ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசம். அப்பா விற்காமல் வைத்திருந்தால் டீமேட்டில் 100 பங்கு இருக்கும். பங்கு இரட்டித்தால் விலை பாதியாகும். ஒய்ஃபைனான்ஸ் விலையை அள்ளி வருவது யாஹூவிலிருந்து. அங்கே போனஸுக்கு முந்தைய விலைகளை எல்லாம் ஏற்கெனவே இரண்டால் வகுத்து வைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே இறங்கியதற்குக் காரணம் டிவிடெண்ட். புதிய பதிப்புகளில் ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ தானாகவே ஓடுகிறது. அதன்பின் கொடுத்த டிவிடெண்டையும் பழைய விலையில் கழித்துக் காட்டும். ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’டை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றி, ‘குளோஸ்’ பத்தியை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். நோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அச்சு அசலாக வராது. அப்பா வாங்கியது நடுப்பகலாக இருக்கலாம், ‘குளோஸ்’ என்பது கடை மூடும் விலை. அன்றைய ‘ஹை’, ‘லோ’ இரண்டையும் அதே மாதிரி பெருக்கிப் பாருங்கள், நோட்டு விலை நடுவில் உட்கார்ந்திருக்கும்.

இந்த வகுத்தலை வேண்டாத வேலை என்று நினைக்காதீர்கள். நான் ஒரு தரம் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ தினமும் வெளியிடும் விலைப்பட்டியலான பாவ்காப்பி கோப்புகளை ஒட்டவைத்து நெஸ்லே இந்தியாவுக்குப் படம் போட்டேன். 2024 ஜனவரி 5-ல் 27,000 சொச்சத்திலிருந்து கோடு கிணற்றுக்குள் குதித்தது. கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுத்தான் யோசித்தேன்: 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 1 ரூபாய்ப் பங்குகள் பத்தாகப் பிரித்த நாள். பாவ்காப்பி அன்றைய விலையை அப்படியே சொல்லும், பின்னால் வந்து திருத்தாது.

ஆகவே, ‘அப்பா இந்தப் பணத்தை எஃப்டியில் போட்டிருந்தால்?’ என்று பார்க்க ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ ஓடிய, டிவிடெண்ட் சேர்ந்த கோடுதான் வேண்டும். வருமான வரிக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். அங்கே முதல் 50 பங்குக்கு நோட்டில் உள்ள விலை, போனஸ் 50-க்கு அடக்கவிலை பூஜ்யம்.

இன்னொன்று. பெயரை ‘ஐஎன்எஃப்ஒய்’ என்று மட்டும் அடித்தால் நியூயார்க்கில் டாலரில் புரளும் ஏடிஆர் (இன்ஃபோசிஸ் பங்குக்கு ஈடான அமெரிக்கச் சான்று) வந்து நிற்கும். பின்னால் புள்ளி வைத்து ‘என்எஸ்’ சேருங்கள். மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இ விலை வேண்டுமானால் ‘பிஒ’.

கேள்வி: ஒய்ஃபைனான்ஸில் முடிவுத் தேதி 31 என்று கொடுத்தால் 30 வரைதான் கோடு வருகிறது. என் கணினியில் கோளாறா?
- வாசகர், சிவகாசி

பதில்: இல்லை. முடிவுத் தேதியை ஒய்ஃபைனான்ஸ் கணக்கில் சேர்க்காது. அடுத்த மாதம் 1-ஆம் தேதியைக் கொடுங்கள். அப்படியும் வராவிட்டால் காலண்டரைப் பாருங்கள், 31 சனி, ஞாயிறாகவோ சந்தை விடுமுறையாகவோ இருக்கலாம்.