பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுக்க வேண்டாம்

கேள்வி: அன்புள்ள மிஸ்ஸி அக்கா, இது எனக்கு முதல் பிரசவம். ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். மகள் பிறந்து பத்து நாள் ஆகப்போகிறது. அவள் வாய் வைத்ததும் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, கால் விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. வலது காம்பு வெடித்து, நேற்று பாலோடு இரத்தமும் வந்தது. "முதல் பிள்ளைக்கு அப்படித்தான், பல்லைக் கடித்துக்கொண்டு கொடு, காய்த்துப்போனால் சரியாகிவிடும்" என்கிறார் மாமியார். நாத்தனார் பால்மாவு டின்னே வாங்கி வைத்துவிட்டார். நான் ஃபார்மசியில் காம்புக்கு மேல் போடும் சிலிக்கோன் மூடி வாங்கினேன். அதைப் போட்டால் பாப்பா கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறாள். இரத்தம் கலந்த பாலைக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கொடுக்கலாம் மா. வெடிப்பிலிருந்து வரும் கொஞ்சம் இரத்தம் பிள்ளையை ஒன்றும் செய்யாது. அவள் கக்கும்போது சிவப்பாகவோ, மலத்தில் கறுப்பாகவோ தெரிந்தால் அதனால்தான். பயந்துவிடாதீர்கள், ஆனால் தாதியிடம் சொல்லி வையுங்கள்.

மாமியார் சொல்வது முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். முதல் சில நாள், வாய் வைத்தவுடன் சுருக்கென்று இருப்பது பலருக்கும் உண்டு. அது அரை நிமிடத்தில் அடங்கிவிட வேண்டும். குடித்து முடிக்கும்வரை வலித்தாலோ, காம்பு வெடித்தாலோ, பிள்ளை பிடித்திருக்கும் இடம் சரியில்லை என்று அர்த்தம். எத்தனை நாள் பொறுத்தாலும் காம்பு காய்த்துப்போகாது. புண்தான் ஆழமாகும்.

உங்கள் நாக்கு நுனியால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். முன்பக்கம் கெட்டியாக, வரிவரியாக இருக்கும். பின்னால் போகப்போக மெத்தென்று ஆகும். பாப்பாவின் வாயில் காம்பு அந்த மெத்தென்ற இடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேரவேண்டும். வெறும் காம்பை மட்டும் பிடித்தால், கெட்டியான அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் அது நசுங்கும். அவள் வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக வந்தால் நல்லது. ஒரு பக்கம் சாய்வாகத் தட்டையாகி, நுனி வெளுத்திருந்தால் பிடி ஆழமில்லை.

பிரசவ வார்டில் தாதியாக நான் தினமும் பார்த்த காட்சி: தாய் முதுகை வளைத்துக் குனிந்து மார்பைக் கொண்டுபோய் பிள்ளை வாயில் திணிப்பாள். பிள்ளையின் வயிறு கூரையைப் பார்க்கும், கழுத்து மட்டும் திரும்பியிருக்கும். அப்படிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நீங்கள் ஒரு மடக்கு தண்ணீர் விழுங்கிப் பாருங்களேன்!

ஆபரேஷன் தையல் இருப்பதால் உங்களுக்குக் கக்கத்துப் பிடி வசதியாக இருக்கும். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். பக்கத்தில் தலையணை வைத்து, பாப்பாவின் உடலை உங்கள் கைக்கடியில், கால்கள் முதுகுப் பக்கம் போகிற மாதிரி படுக்க வையுங்கள். அவள் உடம்பு உங்களோடு ஒட்டியிருக்கட்டும். உள்ளங்கை தோள்பட்டையையும் பிடரியையும் தாங்கட்டும், பின்தலையைப் பிடித்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் பிள்ளை எதிர்த்துத் தலையைப் பின்னுக்குத் தள்ளும்.

இப்போது காம்பு அவள் வாய்க்கு நேரே இல்லாமல், மூக்குக்கு நேரே இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். அவள் தலையை லேசாக அண்ணாந்து, கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயைத் திறப்பாள். அதற்குமுன் அவசரப்படக்கூடாது. திறந்ததும் தோளோடு சேர்த்துச் சட்டென்று உங்கள் பக்கம் அணையுங்கள். முதலில் முகவாய்தான் மார்பில் பட வேண்டும். பெரிய மசால்வடையைக் கடிக்கும்போது கீழ்த்தாடையை அடியில் கொடுத்துவிட்டுத்தானே மேல்வாயை மூடுகிறோம், அது மாதிரி. சரியாகப் பிடித்திருந்தால் கீழுதடு வெளியே மடங்கியிருக்கும், முகவாய் மார்பில் புதைந்திருக்கும், மூக்கு அடைபடாது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் கீழ்ப்பக்கத்தைவிட மேலுதட்டுப் பக்கம்தான் அதிகம் தெரியும். வேகவேகமாகச் சப்பியவள் பிறகு நிதானமாக இழுத்து விழுங்குவாள், அந்தச் சத்தம் கேட்கும்.

முப்பது எண்ணியும் வலி அடங்கவில்லையா? இழுத்துப் பிடுங்கவேண்டாம். சுத்தமான சுண்டுவிரலை அவள் வாயோரம் நுழைத்துப் பிடியைத் தளர்த்தி எடுத்துவிட்டு, மறுபடி வையுங்கள். பிள்ளை பசியில் வீறிட ஆரம்பித்துவிட்டால் அப்போதைக்கு விட்டுவிடுங்கள். கையால் பீய்ச்சி, சின்னக் கப்பில் கொடுங்கள். வலது பக்கம் தாங்கவே முடியாதபோதும் இதுதான் வழி. பீய்ச்சாமல் விட்டால் கட்டிக்கொள்ளும். மார்பு கல் மாதிரி இருக்கும்போது எந்தப் பிள்ளைக்கும் பிடி கிடைக்காது. கருவட்டத்தைச் சுற்றி விரல்களால் ஒரு நிமிடம் உள்பக்கமாக அழுத்தி, கொஞ்சம் பீய்ச்சிவிட்டு அப்புறம் வையுங்கள்.

சிலிக்கோன் மூடி சிலருக்கு உதவும்தான், ஆனால் அளவு பொருந்த வேண்டும், யாராவது தெரிந்தவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பாப்பா தூங்கிவிடுகிறாள் என்று எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பால் சரியாக வராமல் களைத்தும் தூங்கலாம். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை குடிக்கிறாளா, நன்றாக நனைந்த பேம்பர்ஸ் குறைந்தது ஆறு மாற்றுகிறீர்களா என்று பாருங்கள். பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். பேம்பர்ஸ் குறைந்தாலோ, குடிக்க எழுப்பவே முடியாமல் தூங்கினாலோ, தோலும் கண்ணும் மஞ்சளாகத் தெரிந்தாலோ வெயிலில் காட்டிக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

அரசாங்கக் கிளினிக் தாதி பத்திய காலத்தில் வீட்டுக்கு வருவார் அல்லவா? "சூசு பாடான் (தாய்ப்பால்) ஓகே?" என்று அவர் கேட்டதும் ஓகே என்று தலையாட்டி அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்து, பிள்ளை வாய் வைப்பதிலிருந்து எடுப்பதுவரை பார்க்கச் சொல்லுங்கள். பிடித்த விதம் சரி, ஆனாலும் வலி போகவில்லை என்றால் நாக்கையும் பார்க்கச் சொல்லவேண்டும். நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருந்தால் நாக்கு முன்னால் நீளாது. அப்படி இருக்கும் எல்லாருக்கும் வெட்ட வேண்டியதில்லை, டாக்டர் பார்த்து முடிவு செய்வார்.

புண்ணுக்கு, குடித்து முடிந்ததும் இரண்டு சொட்டுப் பாலைத் தடவிக் காற்றில் உலரவிடலாம், சுத்திகரித்த லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) களிம்பு பூசலாம். சோப்பு வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், நேரே பிள்ளை வாய்க்குள்தான் போகும். மாமியாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் வைக்கும் பூண்டுக் குழம்பை வயிறாரச் சாப்பிடுங்கள், சுறாப்புட்டு செய்தால் அதையும். ஆனால் மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் புதிதாக ஊறும். தலையணை எடுத்து வைக்கிற வேலையை அவரிடமே கொடுங்கள், வலி குறைந்ததைக் கண்ணால் பார்ப்பார்.

கேள்வி: மனைவிக்குக் காய்ச்சல், குளிர். ஒரு பக்க மார்பு சிவந்து, கட்டியாக இருக்கிறது. பிள்ளைக்கு மூன்று வாரம். பால் கெட்டிருக்கும், நிறுத்து என்கிறார்கள்.
- ஒரு வாசகர், சுங்கை ஆரா

பதில்: பால் கெடவில்லை, நிறுத்த வேண்டாம். பிள்ளை வழக்கம்போல் குடிக்கட்டும். இது மார்பு அழற்சியாக இருக்கலாம். இதைப் படித்ததும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், பால் கொடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள், அதற்கேற்ற மருந்து இருக்கிறது. பாரசிட்டமோல் சாப்பிடலாம். கட்டி கரையட்டும் என்று போட்டுப் பிசையாதீர்கள், வீக்கம் கூடும். குளிர்ந்த துணி வைத்தால் இதமாக இருக்கும். மருந்து தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால், சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லித் திரும்பப் போங்கள்.