சிங்கப்பூர்ல கிராஞ்சி பக்கம் ரோட் பைக்ல (சைக்கிள்) போக எந்த ரூட் நல்லது? சுங்கை பூலோ உள்ளேயே ஓட்டலாமா?

உள்ள ஓட்ட முடியாதுங்க, அது 2002லேர்ந்து பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம், பைக்கை வாசல்ல பூட்டிட்டு நடந்துதான் போகணும். ஆனா வெளிய ரோடு அருமை. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்துலேர்ந்து கிராஞ்சி வே பக்கம் வந்தா அணையைத் தாண்டித்தான் போகணும், ஒரு பக்கம் ஆத்தை மறிச்ச நீர்த்தேக்கம், இன்னொரு பக்கம் ஜொகூர் நீரிணை, எதிர்க்கரை மலேசியா, எனக்கு அந்த இடம் ரொம்பப் புடிக்கும். அப்புறம் நியோ தியூ ரோடு, லிம் சூ காங் ரோடுன்னு பண்ணைங்க நடுவுல போகலாம். லாரி வரும், பின் லைட் கட்டாயம். ஒத்தை லேன் ரோட்டுல வரிசையாத்தான் போகணும், 2022லேர்ந்து அப்படி வரிசையா போற ஒரு குழுவுல 5 பேருக்கு மேல கூடாது. செப்டம்பர்லேர்ந்து மார்ச்சுக்குள்ள போங்க, வடக்கேர்ந்து வர்ற உள்ளான் பறவைங்க சுங்கை பூலோவுல தண்ணி வத்துன சேத்துல அலகை விட்டு விட்டுப் புழு தேடிட்டு இருக்கும்.